கொடியைக் கொடுத்தார்கள், கஜானாவைக் கொடுக்கவில்லை: காங்கோ, 1960

கேள்வி இதுதான்: "இந்தியாவும் அடிமை நாடாகத்தான் இருந்தது. சுதந்திரம் வாங்கிய பிறகு தேர்தல், அரசியல் சட்டம் என்று நிமிர்ந்து நின்றது. ஆப்பிரிக்க நாடுகள் மட்டும் விடுதலை கிடைத்த கையோடு கலகம், உள்நாட்டுப் போர், ராணுவ ஆட்சி என்று சரிந்தது ஏன்? அவர்களுக்கு ஆளத் தெரியவில்லை என்பதுதானே உண்மை?"

ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ள ஒரு கண்டத்துக்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னால் அது பதிலாக இருக்காது. அதனால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன், காங்கோவை, இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசை. "ஆளத் தெரியவில்லை" என்று சொல்பவர்கள் வழக்கமாக முதலில் நீட்டிக் காட்டும் நாடும் அதுதான். 1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து விடுதலை. ஐந்தாம் நாள் ராணுவத்தில் கலகம். பதினோராம் நாள் நாட்டின் பணக்கார மாகாணம் தனிநாடு என்று அறிவித்துக்கொண்டது. ஏழு மாதம் முடிவதற்குள் முதல் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா கொல்லப்பட்டார். மேலோட்டமாகப் பார்த்தால் கேள்வி கேட்டவர் பக்கம்தான் நியாயம் இருப்பதுபோலத் தெரியும்.

என் பதில் வேறு. ஓர் அரசு நடக்க வேண்டுமானால் அதிகாரிகள் வேண்டும், சொன்னபடி கேட்கும் படை வேண்டும், வரிப்பணம் வந்து விழும் கஜானா வேண்டும். காங்கோவில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கைக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட முழுசாக வந்து சேரவில்லை. அது தற்செயலாக நடந்ததும் அல்ல. காங்கோ தலைவர்கள் செய்த தவறுகளையும் பிற்பாடு சொல்கிறேன், அவை சிறியவை அல்ல. ஆனால் வரிசை முக்கியம்.

முதலில் இந்தியாவோடு ஒப்பிடுவதைப் பார்த்துவிடுவோம். 1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் மகாசபை முதன்முதலாகக் கூடியது. அதே 1885-இல்தான், பெர்லின் மாநாடு முடிந்த கையோடு, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக்கிக்கொண்டார். பெல்ஜிய நாட்டின் குடியேற்றமாகக்கூட அல்ல, ஒரு தனிமனிதரின் சொத்தாக. இங்கே தீர்மானம் போட்டுக் கோரிக்கை வைக்கும் பழக்கம் தொடங்கிய அதே காலத்தில், அங்கே ரப்பர் பால் எடுத்து வரச் சொல்லிக் கிராமங்களுக்கு அளவு நிர்ணயிக்கப்பட்டது. அளவு குறைந்தால் பெண்களைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள், ஊரைக் கொளுத்தினார்கள். சுட்ட தோட்டாவுக்குக் கணக்குக் காட்டச் சிப்பாய்கள் வெட்டிய கைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் 1908-இல் மன்னரின் கையிலிருந்து பெல்ஜிய அரசு காங்கோவை எடுத்துக்கொண்டது.

1937-இல் சென்னை மாகாணத்தில் தேர்தலில் வென்று ராஜாஜி அமைச்சரவை அமைத்தார். விடுதலைக்குப் பத்து ஆண்டு முன்பே வரவு செலவுத் திட்டம் போட்டு, சட்டம் இயற்றி, அதிகாரிகளை வேலை வாங்கிப் பழகிய ஒரு தலைமுறை இங்கே இருந்தது. 1932-இலேயே டேராடூனில் ராணுவ அகாடமி வந்துவிட்டது. 1943-இல் ரிசர்வ் வங்கியின் ஆளுநராக சி.டி. தேஷ்முக் அமர்ந்தார். 1944-இல் உலகப் பண ஏற்பாடுகளை முடிவுசெய்த பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் பேசியவர்களில் ஒருவர் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். அவரே பிறகு விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சர். போர்க்காலக் கணக்கில் பிரிட்டன்தான் இந்தியாவுக்குக் கடன்பட்டிருந்தது. இது ஆங்கிலேயன் மனமுவந்து கொடுத்த பரிசு அல்ல, அறுபது எழுபது ஆண்டுப் போராட்டத்தில் படிப்படியாகப் பிடுங்கியது. இவ்வளவு இருந்தும் பிரிவினையில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள், கோடிக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். தரைப்படைக்கு இந்தியத் தலைமைத் தளபதியாக கரியப்பா வருவதற்கே 1949 ஜனவரி ஆகிவிட்டது. அதுவரை மேலே ஆங்கிலேயர் இருந்தாலும் கீழே ஆயிரக்கணக்கான இந்திய அதிகாரிகள் இருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

காங்கோவில் கீழேயும் யாரும் இல்லை. ஃபோர்ஸ் பப்ளிக் என்ற அந்தப் படையில் சுமார் 25,000 சிப்பாய்கள், ஏறத்தாழ ஆயிரம் அதிகாரிகள். அந்த ஆயிரம் பேரும் ஐரோப்பியர்கள். விடுதலை நாளன்று காங்கோக்காரர் ஒருவர்கூட அதிகாரி அந்தஸ்தில் இல்லை. நிர்வாகத்தின் உயர் பதவிகள் ஐயாயிரத்துக்கு நெருக்கம் என்பார்கள், அதில் காங்கோக்காரர் மூன்றே பேர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் நாடு முழுவதிலும் சேர்த்து முப்பதைத் தாண்டவில்லை. மேற்கு ஐரோப்பா அளவுக்குப் பரந்த நாடு அது.

பள்ளியே இல்லாததால் இப்படி ஆனது என்று நினைக்க வேண்டாம். தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்ததில் பெல்ஜியக் காங்கோ ஆப்பிரிக்காவில் நல்ல நிலையில்தான் இருந்தது. பெரும்பாலும் கத்தோலிக்கச் சபைகள் நடத்திய பள்ளிகள். சுரங்கத்துக்குக் கணக்குப் படிக்கத் தெரிந்த தொழிலாளி வேண்டும், அலுவலகத்துக்குக் குமாஸ்தா வேண்டும், ஆஸ்பத்திரிக்கு உதவியாளர் வேண்டும். அதுவரை படிப்பு, அதற்கு மேல் கதவு சாத்திக் கிடந்தது. ஒரு காங்கோக்காரர் 1917-இலேயே பாதிரியாராக முடிந்தது. ஆனால் மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ ஆக வழி கிடையாது. பிற்காலத்தில் முதல் குடியரசுத் தலைவரான ஜோசப் கசவுபு கல்வி கற்றதும் குருமடத்தில்தான். முதல் பல்கலைக்கழகம் 1954-இல் வந்தது. அதில் சேர்ந்த முதல் அணி பட்டம் வாங்கி, இரண்டு ஆண்டு வேலை பார்த்து அனுபவம் பெறுவதற்குள் நாடு கைக்கு வந்துவிட்டது.

படித்துக் குமாஸ்தா நிலைக்கு வந்தவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு ஒரு விவரம் சொல்கிறேன். வெள்ளையரோடு ஓரளவு சம அந்தஸ்து தரும் ஒரு பதிவுச் சான்று 1952-இல் அறிமுகமானது. அதற்கு விண்ணப்பித்தால் ஒரு குழு விசாரிக்கும், வீட்டுக்கும் வரும். சமையலறை சுத்தமா, சாப்பிடுவது கத்தி முள்கரண்டியிலா, மேசையில் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறாளா, கணவன் மனைவி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்துக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். ஸ்டான்லிவில் என்ற நகரின் அஞ்சலகத்தில் குமாஸ்தாவாக இருந்த லுமும்பாவுக்கு முதல் தடவை மறுத்தார்கள், 1954-இல்தான் கிடைத்தது. ஆறு ஆண்டு கழித்து ஒரு நாட்டுக்கே பிரதமராகப் போகிறவர், தான் மேசையில் எப்படிச் சாப்பிடுகிறேன் என்று அந்நியருக்குக் காட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அரசியல் கட்சிகள் தொடங்குவதற்கும் நெடுங்காலம் அனுமதி இல்லை. மொழி, குலம், ஊர் சார்ந்த சங்கங்கள் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கசவுபுவின் அபாகோ இயக்கமே 1950-இல் கிகொங்கோ மொழியை வளர்க்கும் சங்கமாகப் பிறந்ததுதான். இப்படி இருக்க, 1957 இறுதியில் சில நகரங்களில் முதல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மக்கள் எந்த அமைப்பின் பேரில் திரள்வார்கள்? கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த குலச் சங்கத்தின் பேரில்தான். பிறகு அதே பெல்ஜியர்கள், "இவர்களுக்குக் குலச்சண்டை தவிர வேறு அரசியல் தெரியாது" என்று சொன்னார்கள். லுமும்பாவின் காங்கோ தேசிய இயக்கம், நாடு முழுமைக்குமான கட்சியாக நிற்க முயன்ற மிகச் சிலவற்றில் ஒன்று. அது தொடங்கியதே 1958-இல்.

1950-களின் நடுவில் ஒரு பெல்ஜியப் பேராசிரியர் முப்பது ஆண்டில் விடுதலை தரலாம் என்று ஒரு திட்டம் எழுதினார். பெல்ஜியத்தில் பலர் அதையே அவசரக்காரத்தனம் என்று திட்டினார்கள். 1959 ஜனவரி 4 அன்று தலைநகர் லியோபோல்ட்வில்லில், இன்றைய கின்ஷாசாவில், அபாகோ கூட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டதை ஒட்டிப் பெரும் கலவரம் வெடித்தது. படை சுட்டது, ஏராளமானோர் செத்தார்கள். பத்தே நாளில் பெல்ஜிய மன்னர் போதுவன் வானொலியில் விடுதலை பற்றிப் பேசினார். ஓராண்டு கழித்து, 1960 ஜனவரியில், பிரசல்ஸில் வட்டமேசை மாநாடு. சிறையிலிருந்த லுமும்பாவை வெளியே விட்டு விமானத்தில் வரவழைத்தார்கள். தங்களுக்குள் ஆயிரம் சண்டை இருந்தாலும் காங்கோ பிரதிநிதிகள் ஒரே குரலில் தேதி கேட்டார்கள். ஜூன் 30 என்று முடிவானது. முப்பது ஆண்டு என்று பேசியது போய் ஐந்து மாதமானது.

பெல்ஜியம் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது ஏன்? அல்ஜீரியாவில் பிரான்சு சிக்கிச் சீரழிந்துகொண்டிருந்தது, அந்த மாதிரிப் போருக்குப் பெல்ஜிய மக்கள் தயாராக இல்லை. அதோடு ஒரு கணக்கும் இருந்தது. அமைச்சர் காங்கோக்காரராக இருக்கட்டும், அவருக்குக் கீழே கோப்பு பார்ப்பவர், படையை நடத்துபவர், சுரங்கத்தை நடத்துபவர் எல்லாம் பெல்ஜியர்தானே, நம்மை விட்டால் அவர்களுக்கு வேறு கதி ஏது என்ற கணக்கு.

இனி கஜானா. இந்தப் பகுதியைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை கலகம், கொலை எல்லாவற்றையும்விட இதுதான் மையமானது.

காங்கோவின் செல்வம் தென்கிழக்கில் கட்டாங்கா மாகாணத்தில் குவிந்திருந்தது. செம்பு, கோபால்ட், யுரேனியம். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டுக்கான யுரேனியத்தில் பெரும்பங்கு கட்டாங்காவின் ஷின்கொலோப்வே சுரங்கத்திலிருந்து போனது. இந்தச் சுரங்கங்களை நடத்தியது 1906-இல் தொடங்கிய யூனியன் மினியேர் என்ற நிறுவனம். அதில் குடியேற்ற அரசுக்கும் பெரிய பங்கு உண்டு. நேரடியாக அல்ல, கட்டாங்கா சிறப்புக் குழு என்ற ஓர் அமைப்பின் வழியாக. அந்தக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு ஒரு தனியார் நிறுவனத்துக்கு. குழு மொத்தமாக ஓட்டுப் போடும்போது யூனியன் மினியேரில் அதன் சொல்லுக்கு மிகுந்த எடை இருந்தது. விடுதலை பெற்றால் அந்த ஓட்டு புதிய அரசின் கைக்கு வந்துவிடும். அதாவது உலகின் மிகப் பெரிய செம்பு நிறுவனங்களில் ஒன்றின் போக்கை லுமும்பாவின் அமைச்சரவை தீர்மானிக்கும் நிலை வரும்.

ஜூன் 27 அன்று, விடுதலைக்கு மூன்று நாள் முன்பு, அந்தக் குழு கலைக்கப்பட்டது. பங்குகள் பிரிக்கப்பட்டன. தனியாருக்குரிய மூன்றில் ஒரு பங்கு தனியே போயிற்று, புதிய அரசிடம் எஞ்சிய ஓட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தப் போதுமானதாக இல்லை. அதே ஜூன் மாதத்தில், காங்கோவில் பதிவான நிறுவனங்கள் தங்கள் பதிவு அலுவலகத்தைப் பெல்ஜியத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. பல மாற்றிக்கொண்டன. 1959 கலவரத்துக்குப் பிறகே தனியார் பணம் வெளியேறத் தொடங்கியிருந்தது. குடியேற்ற அரசு பத்தாண்டுத் திட்டத்துக்காக வாங்கிய கடனில் எது யாருடையது என்பது முடிவாகாமலே நின்றது, அந்த வழக்கு 1965 வரை இழுத்தது.

இதையெல்லாம் பேச 1960 ஏப்ரலில் ஒரு பொருளாதார வட்டமேசை நடந்தது உண்மைதான். அப்போது மூத்த தலைவர்கள் ஊரில் தேர்தல் பிரச்சாரத்தில் இருந்தார்கள். பிரசல்ஸில் அனுபவம் முதிர்ந்த பெல்ஜிய நிதி வல்லுநர்களுக்கு எதிரே உட்கார்ந்தவர்களில் பலர் மாணவர்கள், இளைஞர்கள். லுமும்பாவின் சார்பில் போனவர் ஒரு முன்னாள் படைக் குமாஸ்தா, பத்திரிகையாளர். அவர் பெயர் ஜோசப் மொபுட்டு.

ஜூன் 30 விழாவில் மன்னர் போதுவன் இரண்டாம் லியோபோல்டின் மேதைமையைப் புகழ்ந்து பேசினார். எந்த மக்களின் முன்னால் என்பதை எண்ணிப் பாருங்கள். நிகழ்ச்சி நிரலில் லுமும்பாவின் பேச்சு இல்லை, எழுந்து பேசினார். கட்டாய உழைப்பு, அவமானம், பறிக்கப்பட்ட நிலம், சிறை எல்லாவற்றையும் மன்னரின் முகத்துக்கு நேரே சொன்னார். இந்தப் பேச்சால்தான் எல்லாம் கெட்டது என்று எழுதுபவர்கள் இன்றும் உண்டு. நான் ஏற்கவில்லை. ஐந்து நாள் கழித்துக் கலகம் செய்த சிப்பாய்களின் கோபம் வேறு. தங்களைப் போன்ற கறுப்பர்கள் அமைச்சராகிறார்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தைப் பல மடங்கு உயர்த்திக்கொள்கிறார்கள், தங்கள் தலைக்குமேல் மட்டும் அதே வெள்ளை அதிகாரி அப்படியே நிற்கிறான். அதுதான் கோபம்.

ஜூலை 5 அன்று படைத்தலைவர் ஜெனரல் ஜான்சென்ஸ் சிப்பாய்களைக் கூட்டினார். கரும்பலகையில் பெரிதாக எழுதினார்: விடுதலைக்கு முன் = விடுதலைக்குப் பின். படையில் எதுவும் மாறாது என்று ஒழுங்கை நிலைநாட்டுவதாக அவர் நினைப்பு. அன்று இரவே தைஸ்வில் முகாமில் கலகம் தொடங்கியது. சில நாளில் ஊர் ஊராகப் பரவி, ஐரோப்பியர் தாக்கப்பட்டார்கள், பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். அதை மறைக்கவோ நியாயப்படுத்தவோ முடியாது. பெல்ஜிய அதிகாரிகளும் ஊழியர்களும் குடும்பத்தோடு ஆயிரக்கணக்கில் ஓடினார்கள். கணக்கு எழுதுபவர், தந்தி பார்ப்பவர், மருத்துவர் எல்லோரும் இரண்டு வாரத்தில் காணாமல் போனார்கள். அவர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் கட்டிய அரசு அது.

லுமும்பா ஜான்சென்ஸை நீக்கினார், படையைக் காங்கோமயமாக்கினார். இரண்டாம் உலகப் போரில் சார்ஜெண்டாக இருந்த விக்டர் லுண்டுலா ஒரே நாளில் ஜெனரல் ஆனார். படையின் தலைமை அலுவலராக, கர்னல் பட்டத்தோடு, மொபுட்டுவை வைத்தார். தன் ஆள் என்று நம்பித்தான் வைத்தார்.

ஜூலை 10 அன்று, காங்கோ அரசைக் கேட்காமலே பெல்ஜியப் படை தலையிட்டது. 11-ஆம் தேதி பெல்ஜியக் கப்பல்கள் மத்தாடி துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கின. அதே நாள் மாலை கட்டாங்கா மாகாண அரசின் தலைவர் மொய்ஸ் ஷோம்பே கட்டாங்காவைத் தனிநாடு என்று அறிவித்தார். மறுநாள் கசவுபுவும் லுமும்பாவும் கட்டாங்காவின் தலைநகர் எலிசபெத்வில்லுக்குப் பறந்தார்கள். விமானம் இறங்க அனுமதி மறுக்கப்பட்டது. நாட்டின் குடியரசுத் தலைவரும் பிரதமரும் தங்கள் நாட்டு விமான நிலையத்துக்கு மேலே வட்டமடித்துவிட்டுத் திரும்பினார்கள். விடுதலை கிடைத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

கட்டாங்காவைப் பெல்ஜியம் முறைப்படி அங்கீகரிக்கவில்லை. தேவையும் இல்லை. ஷோம்பேயின் படைக்கு அதிகாரிகளைக் கொடுத்தது, ஆலோசகர்களைக் கொடுத்தது. யூனியன் மினியேர் இதுவரை மத்திய அரசுக்குக் கட்டி வந்த வரியையும் உரிமத்தொகையையும் ஷோம்பேக்குக் கட்டத் தொடங்கியது. அந்தப் பணம்தான் கூலிப்படைக்குப் போனது. ஆகஸ்டில் வைரம் விளையும் தென் கசாயும் பிரிந்தது. செம்பும் வைரமும் போன பிறகு தலைநகரில் எஞ்சியது கொடியும் கடனும்தான்.

ஜூலை 12-இலேயே கசவுபுவும் லுமும்பாவும் ஐ.நா.வின் உதவியைக் கேட்டார்கள். 14-ஆம் தேதி பாதுகாப்பு அவை தீர்மானம் போட்டது, படைகள் வந்தன. ஆனால் கட்டாங்காவுக்குள் பலத்தோடு நுழைய ஐ.நா. மறுத்தது, உள்நாட்டுத் தகராறில் தலையிட மாட்டோம் என்றது. பொறுமை இழந்த லுமும்பா சோவியத் விமானங்களையும் லாரிகளையும் வாங்கினார். வாஷிங்டனின் கண்ணில் அத்தோடு அவர் கம்யூனிஸ்ட் ஆனார். உண்மையில் அவர் எந்தக் காலத்திலும் கம்யூனிஸ்ட் இல்லை. அவரை நஞ்சு வைத்துக் கொல்ல சி.ஐ.ஏ. திட்டமிட்டு நஞ்சையே அனுப்பி வைத்ததை 1975-இல் அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழு வெளிக்கொண்டுவந்தது.

இங்கே லுமும்பாவின் தவறையும் சொல்ல வேண்டும். அந்தச் சோவியத் வாகனங்களில் அவர் அனுப்பிய படை ஆகஸ்ட் இறுதியில் தென் கசாயில் பக்வாங்கா ஊரையும் சுற்றுப்புறத்தையும் பிடித்தபோது லூபா மக்களைக் கொன்று குவித்தது. சம்பளம் இல்லை, சாப்பாடு இல்லை, ஒழுங்கு இல்லை, அப்படிப்பட்ட படையை அனுப்பியது அவர். அந்தப் பழியிலிருந்து அவரை விடுவிக்க முடியாது. எதிரிகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆயுதமும் அதுதான். அவருக்கு மக்கள் கூட்டத்தைப் பேச்சால் கட்டிப்போடத் தெரியும், கூட இருப்பவர்களைக் கட்டிக்காக்கத் தெரியவில்லை.

செப்டம்பர் 5 இரவு கசவுபு வானொலிக்குப் போய், பிரதமரை நீக்கிவிட்டதாக அறிவித்தார். லுமும்பா அதே வானொலிக்கு வந்து, கசவுபுவை நீக்கிவிட்டதாக அறிவித்தார். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சட்ட வாதம் இருந்தது. ஏனென்றால் அந்த அரசியல் சட்டம் பெல்ஜிய நாடாளுமன்றம் மே மாதம் தன் நாட்டுச் சட்டத்தை ஒட்டித் தைத்துக் கொடுத்தது. மன்னர் பெயரளவில் இருக்கும் நாட்டில் பிரதமரை நியமிக்கவும் நீக்கவும் அவருக்கு ஏட்டளவில் அதிகாரம் இருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. மன்னரின் இடத்தில் போட்டிக் கட்சியின் தலைவரைக் குடியரசுத் தலைவராக உட்கார வைத்தால் அதே வரி கத்தியாகிவிடும். காங்கோ நாடாளுமன்றம் இரண்டு நீக்கங்களையும் செல்லாது என்று ஒதுக்கியது, செனட் லுமும்பாவின் பக்கம் நின்றது. பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத அந்தச் சபைகள் அந்த வாரத்தில் நிதானமாகவே நடந்துகொண்டன. அதற்குப் பலன் இல்லாமல் போயிற்று. தலைநகரில் ஐ.நா. நடவடிக்கையின் பொறுப்பில் அப்போது இருந்த அமெரிக்கர் ஆண்ட்ரூ கார்டியர், விமான நிலையங்களையும் வானொலி நிலையத்தையும் மூடினார். இரு தரப்புக்கும் சமமான தடை என்றார். கசவுபுவுக்கு ஆற்றின் எதிர்க்கரையில், பக்கத்து நாட்டின் பிரசாவில் நகரத்து வானொலி இருந்தது, லுமும்பாவுக்கு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 14 அன்று மொபுட்டு படையின் பேரில் அரசியல்வாதிகளை "முடக்கிவைத்து", பல்கலைக்கழக மாணவர்களையும் அப்போதுதான் பட்டம் வாங்கியவர்களையும் ஆணையர்களாக உட்கார வைத்து நாட்டை நடத்தினார். பெல்ஜிய ஆலோசகர்கள் திரும்பி வந்தார்கள். கார்டியருக்குப் பிறகு பொறுப்பேற்ற இந்திய ராஜதந்திரி ராஜேஷ்வர் தயாள் இந்த ஏற்பாட்டைச் சட்டபூர்வ அரசாக ஏற்க மறுத்ததால் மேற்கு நாடுகளின் கோபத்துக்கு ஆளாகி, 1961 மே மாதம் விலக நேர்ந்தது.

லுமும்பா நவம்பர் 27 அன்று வீட்டுக்காவலிலிருந்து தப்பி ஸ்டான்லிவில் நோக்கிப் போனார். வழியில் பிடிபட்டார். 1961 ஜனவரி 17 அன்று அவரையும் அவருடைய கூட்டாளிகள் மொரிஸ் ம்போலோ, ஜோசப் ஒக்கிட்டோ ஆகிய இருவரையும் விமானத்தில் ஏற்றிக் கட்டாங்காவுக்கு, அவருடைய பரம எதிரிகளிடமே அனுப்பினார்கள். அன்றிரவே சுட்டுக் கொன்றார்கள், உடன் இருந்தவர்களில் பெல்ஜிய அதிகாரிகளும் உண்டு. பிறகு உடல்களைத் தோண்டி எடுத்து அமிலத்தில் கரைத்தார்கள். பெல்ஜிய நாடாளுமன்ற விசாரணை 2001-இல் பெல்ஜியத்தின் தார்மீகப் பொறுப்பை ஏற்றது, மறு ஆண்டு அரசு மன்னிப்புக் கேட்டது.

அந்தக் கொலைக்குப் பிறகுதான் ஐ.நா. பலத்தைப் பயன்படுத்த அனுமதி பெற்றது. 1961 மார்ச்சில் இந்தியா ஒரு முழுப் படையணியை அனுப்பியது. டிசம்பர் 5 அன்று எலிசபெத்வில் விமான நிலையச் சாலையில், கட்டாங்காப் படை போட்ட தடுப்பை உடைக்கக் கூர்க்கா வீரர்கள் சிலரோடு பாய்ந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா கழுத்தில் குண்டு பாய்ந்து இறந்தார். அவருக்குப் பரம வீர சக்கரம் வழங்கப்பட்டது. ஐ.நா. பொதுச்செயலர் ஹமர்ஷோல்டும் அதே கட்டாங்கா விவகாரத்தில்தான், 1961 செப்டம்பரில் ஷோம்பேயைச் சந்திக்கப் போகும் வழியில் விமானம் விழுந்து இறந்தார். கட்டாங்காப் பிரிவினை 1963 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. இரண்டரை ஆண்டுச் சுரங்க வருமானம் அதற்குள் போய்விட்டது.

1965 நவம்பரில் மொபுட்டு மறுபடி ஆட்சியைப் பிடித்தார், இந்தத் தடவை முப்பத்திரண்டு ஆண்டுக்கு. இனி நடந்ததற்குப் பெல்ஜியத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 1966 இறுதியில் யூனியன் மினியேரைத் தேசியமயமாக்கினார். மக்கள் கொண்டாடினார்கள். ஆனால் செம்பைத் தோண்டவும் சுத்திகரிக்கவும் விற்கவும் தெரிந்தவர்கள் அந்தப் பழைய குழுமத்தில்தான் இருந்தார்கள், விற்பனை ஒப்பந்தம் மறுபடியும் அதன் உறவு நிறுவனத்துக்கே போனது. 1973 நவம்பரில் வெளிநாட்டவரின் கடைகள், தோட்டங்கள், சிறு ஆலைகளை எல்லாம் "ஸயீர்" மக்களுக்கு மாற்றுவதாக அறிவித்தார். நாட்டின் பெயரை அதற்குள் மாற்றியிருந்தார். கிடைத்தது மக்களுக்கு அல்ல, கட்சிக்காரர்களுக்கும் உறவினர்களுக்கும். கையிருப்புச் சரக்கை விற்றுக் காசாக்கினார்கள், புதுச் சரக்கு வாங்கவில்லை. மறு ஆண்டே உலகச் சந்தையில் செம்பு விலை விழுந்தது. 1976 வாக்கில் பல சொத்துகளைப் பழைய முதலாளிகளைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இந்தச் சூறையாடலுக்கு மொபுட்டுவும் அவரைச் சுற்றி இருந்தவர்களும்தான் முழுப் பொறுப்பு.

ஆனால் அவரை அந்த நாற்காலியில் முப்பத்திரண்டு ஆண்டு தாங்கிப் பிடித்தது யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கம்யூனிச எதிர்ப்பாளர் என்பதால் வாஷிங்டன், பாரிஸ், பிரசல்ஸ் மூன்றும் அவருக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தன. 1978-இல் பன்னாட்டு நிதியம் எர்வின் புளூமென்தால் என்ற ஜெர்மானிய வங்கியாளரை ஸயீரின் மத்திய வங்கிக்கு அனுப்பியது. அவர் பார்த்துவிட்டு, இங்கே ஊழல் முழு அமைப்பாகவே இருக்கிறது, கொடுத்த கடன் திரும்பி வர வாய்ப்பில்லை என்று 1982-இல் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகும் கடன் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பனிப்போர் முடிந்ததும் மொபுட்டு வேண்டாதவரானார், 1997 மே மாதம் நாட்டைவிட்டு ஓடினார். அவர் வாங்கிய கடன் ஓடவில்லை. அந்தக் கடனை எடுத்துச் செலவழிக்காத மக்களின் தலையில் அது வட்டியோடு நின்றது. உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் சேர்ந்து சுமார் 1,230 கோடி டாலர் கடன் தள்ளுபடிக்கு ஒப்புதல் தந்தது 2010 ஜூலையில், காங்கோ விடுதலையின் ஐம்பதாம் ஆண்டு விழா முடிந்த கையோடு.